வீட்டுக்கு அனுமதி எடுத்தோம், மதிலுக்கும் எடுக்க வேண்டுமா?

கேள்வி: தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் இடையில் 14 பேர்ச் காணி வாங்கி, பிரதேச சபையில் பிளான் பாஸ் பண்ணி வீடு கட்டி இருக்கிறோம். கணவர் வெளிநாட்டில். நானும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான் வீட்டில். பாதுகாப்புக்காகச் சுற்றிவர 6 அடி உயரத்தில் புளொக் கல் மதில் கட்ட முடிவு செய்தோம். முன்பக்கம் சபைப் பாதை. பின்பக்கம் சரிவு, அதற்குக் கீழே இன்னொரு வீடு. ஒரு பக்கம் தோட்டத்துத் தேயிலை மலை. சபையில் விசாரித்தபோது ஓர் உத்தியோகத்தர், "மதிலுக்கெல்லாம் ஒன்றும் தேவையில்லை, கட்டுங்கள்" என்றார். பின்பக்கம் அத்திவாரம் வெட்டத் தொடங்கியதும் கீழ் வீட்டார் முறைப்பாடு கொடுத்தார்கள். இப்போது வேலையை நிறுத்தச் சொல்லி சபையிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்திருக்கிறது. காணியின் ஒரு மூலையால் லயத்து ஆட்கள் தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்குப் போய் வருகிறார்கள். அந்தப் பாதையையும் மூட நினைத்தோம். என் காணியில் நான் மதில் கட்டக்கூடாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கட்டலாம். ஆனால் இந்தக் கடிதம் வந்த பிறகு இனி ஒரு கல்லும் வைக்காதீர்கள். வெட்டிய குழியை மட்டும் மழைக்கு முன் படங்கு போட்டு மூடுங்கள், தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்தில் மண் அணை வையுங்கள். இதைச் செய்யப் போவதாகவே சபைக்கும் எழுதுங்கள். அப்போது கடிதத்துக்கு மதிப்புக் கொடுத்ததும், கீழ் வீட்டாரின் பாதுகாப்பை நினைத்ததும் எழுத்தில் பதிவாகிவிடும்.

உத்தியோகத்தர் வாயால் சொன்னது அனுமதி ஆகாது. அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், ஆனால் நீதவான் முன்னால் அந்தப் பேச்சு நிற்காது. நீதவான் கேட்பது அனுமதிப்பத்திரம் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான்.

இனி மதிலுக்கு அனுமதி ஏன் என்பதைப் பார்ப்போம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டப்படி, அபிவிருத்திப் பிரதேசம் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அபிவிருத்தி வேலை எதுவும் செய்யக்கூடாது. அந்தச் சட்டம் ஒரு விலக்கும் தருகிறது. வீட்டு வளவுக்குள், வீட்டு வசதிக்காகச் செய்யும் காரியத்துக்கு, புதிதாகக் கட்டட வரைபடம் கொடுக்க வேண்டியதில்லை என்றால், அது அபிவிருத்தி வேலை ஆகாது. கம்பி வேலியும் கிளிசரியா நட்ட உயிர்வேலியும் பொதுவாக இந்த விலக்குக்குள் அடங்கிவிடும். அத்திவாரம் வெட்டி, கொங்கிரீட் போட்டு, கல் அடுக்கி எழுப்பும் ஆறடி மதில் அடங்காது என்றுதான் சபைகள் நடத்துகின்றன. சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்தால் எனக்கும் அது சரியாகவே படுகிறது. உங்கள் இடம் அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்படாவிட்டாலும் 1915ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் இருக்கின்றன. ஆகவே எந்த வழியில் போனாலும் சபையின் கதவைத்தான் தட்ட வேண்டும். வீட்டுக்கு எடுத்த அனுமதி, அந்தப் பிளானில் கீறியிருந்த வேலைக்கு மட்டுமே. பழைய பிளானை எடுத்துப் பாருங்கள். அதில் எல்லை மதிலும் கீறிக் காட்டப்பட்டிருந்தால் நிலைமை மாறும், ஆனால் அந்தப் பத்திரத்தின் காலாவதித் திகதியையும் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது பின்பக்கச் சரிவு. முன்பக்கம் பாதையோரம் மதில் கட்டுவது ஒரு வேலை, சரிவின் விளிம்பில் கட்டுவது வேறு வேலை. விளிம்பில் நிற்கும் மதில், மேலிருந்து வரும் மழைத் தண்ணீரை மறிக்கும். அந்தத் தண்ணீர் மதிலின் அடியில் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். தண்ணீர் ஊறிய மண் பாரமாகி நெகிழும். பிறகு மதிலும் மண்ணும் சேர்ந்தே கீழே போகும், கீழே மனிதர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் வெளியேற மதிலில் குழாய்த் துளை விடச் சொன்னால், முற்றத்து அழுக்கு கீழே வடிகிறதே என்று சிலர் பிறகு சீமெந்து பூசி அடைத்துவிடுகிறார்கள். துளைக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்பாமல் வெறும் மண்ணைப் போட்டு மூடும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். இரண்டு மழையில் துளை தானாகவே அடைபட்டுவிடும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலையகத்தில் எவரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, கீழ் வீட்டார் அத்திவாரக் குழியைக் கண்டு பயந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் முறைப்பாடு கொடுத்ததைப் பகையாக எடுக்காதீர்கள்.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. மண்சரிவு அபாயமுள்ள 10 மாவட்டங்களில் கட்டட வேலைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்று 2011இல் சுற்றறிக்கை வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் பின்பக்க வேலைக்குச் சபை அதைக் கேட்கும் என்றே எதிர்பாருங்கள். கேட்காவிட்டாலும் எடுங்கள். நம் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டப்படி, உங்கள் காணியை நீங்கள் வெட்டும்போது பக்கத்துக் காணி மண்ணுக்கு இருக்கும் தாங்கலைப் பறிக்கக்கூடாது. மேலிருந்து இயற்கையாக ஓடிவரும் தண்ணீரைக் கீழ்க் காணிக்காரர் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அதை நீங்கள் மறித்து, ஒரே இடத்தில் சேர்த்து, அவர் முற்றத்தில் விழும்படி விட முடியாது. அப்படிச் சேதம் வந்தால் சபையின் அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும் நட்டஈட்டு வழக்கில் அது உங்களைக் காப்பாற்றாது.

என் யோசனையை வெளிப்படையாகவே சொல்கிறேன். முன்பக்கத்துக்கு மட்டும் மதில் கேளுங்கள். பின்பக்கத்துக்கு இரும்புத் தூணோ கொங்கிரீட் தூணோ நட்டு வலைக்கம்பி அடித்து, உட்பக்கமாக உயிர்வேலி வையுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் கண்ணுக்கு மறைப்பாகிவிடும், வேர் மண்ணையும் பிடிக்கும். பெண் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமான தேவை. ஆனால் ஆள் ஏறி வரக்கூடிய பக்கம் பெரும்பாலும் பாதைப்பக்கம்தான், அங்கே உறுதியான மதிலும் நல்ல கேற்றும் வெளிச்சமும் இருந்தால் அந்தத் தேவை நிறைவேறும். வேலிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காட்டுப்பன்றிக்கு என்று கொடுத்த கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், அது குற்றவியல் வழக்கில் போய் நிற்கும்.

முன்பக்க மதிலுக்கு முக்கியமான கடதாசி வீதிக்கோட்டுச் சான்றிதழ், அதாவது வீதிக்கு ஒதுக்கிய இடம் எதுவரை என்று காட்டும் பத்திரம். சபைப் பாதையாக இருந்தால் சபையிலேயே எடுக்கலாம். அந்தப் பாதை ஏ7 ஹட்டன் – நுவரெலியா வீதியோடு சந்திக்கும் மூலையில் உங்கள் காணி இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்க வேண்டிவரும். வீதிக்கோட்டுக்கு உள்ளே மதில் வர முடியாது. கட்டட எல்லைக்கும் (கட்டடம் தொடங்கக்கூடிய கோட்டுக்கும்) வீதிக்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மதில் வருவதானால், பிற்காலத்தில் வீதியை அகலிக்கும்போது நட்டஈடு கேட்கமாட்டேன் என்று உடன்படிக்கை எழுதித் தரச் சொல்வதுண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

அடுத்தது, எல்லை எது என்பது. நிறையப் பேர் இங்கேதான் தவறு விடுகிறார்கள். சபை அனுமதி தந்துவிட்டால் எல்லையும் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். சபை எல்லையைத் தீர்மானிப்பதில்லை. பதிவுபெற்ற நில அளவையாளரைக் கூட்டிவந்து, உங்கள் உறுதியில் சொல்லப்பட்ட பிளான்படி எல்லைக்கல்லை மறுபடி காட்டச் சொல்லுங்கள். அந்த நாளில் கீழ் வீட்டாரையும் முன்கூட்டியே எழுத்தில் கூப்பிடுங்கள். மதிலின் அத்திவாரம், மேலே நிற்கும் கல்லைவிட அகலமாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கல் எல்லைக்குள் நின்று, அத்திவாரம் மண்ணுக்கு அடியில் ஆறு அங்குலம் அடுத்தவர் காணிக்குள் போனாலும் அது அத்துமீறல்தான். தேயிலை மலைப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். தோட்டக் காணி பெரும்பாலும் அரச காணி, கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டப்படி அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை, அதாவது நீண்டகால அனுபவத்தால் வரும் உரிமை, ஓடாது. எத்தனை வருடம் அனுபவித்தாலும் தோட்டத்துக் கான் (வடிகால்) உங்களுடையதாகாது. கானை விட்டுத் தள்ளியே வேலியைப் போடுங்கள். எல்லையில் பலா மரமோ ஈரப்பலா மரமோ நின்றால், உங்களுடைய மரமாக இருந்தாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

பீலிக்கரைப் பாதையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். மதிலைவிடப் பெரிய வழக்கு அதில்தான் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, தனியார் காணிக்கு மேலால் 10 வருடம் தடையில்லாமல், உரிமையாக, யாருடைய தயவிலும் இல்லாமல் நடந்து வந்தவர்கள் வழியுரிமை கோரலாம். நீங்கள் வாங்குவதற்கு முன்பிருந்தே நடந்த காலமும் அதில் சேரும். உங்கள் உறுதியின் அட்டவணையை எடுத்து, வடக்கு, கிழக்கு என்று எல்லைகள் எழுதியிருக்கும் இடத்தை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். "ஒற்றையடிப் பாதை" என்றோ "3 அடி வழி" என்றோ அங்கே ஒரு வார்த்தை கிடந்தால், அந்தப் பாதை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பிளானில் இரட்டைப் புள்ளிக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதையை ஒரே இரவில் மூடினால், அடுத்த நாள் காலை குடத்தோடு வருகிற பெண்கள் உங்கள் மதிலுக்கு முன்னால் நிற்பார்கள். வாக்குவாதம் வரும், பொலிஸ் வரும். அமைதிக்குப் பங்கம் வரும் நிலையென்றால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு தாக்கலாகும். வழியுரிமையும் அந்த வழக்கில் வரும். தடையை நீக்கும்படி கட்டளை வந்தால் புது மதிலை உடைக்கப்போவதும் உங்கள் செலவில்தான். அதைவிட முக்கியமாக, லயத்து மக்களுக்கு அந்தத் தண்ணீர் அன்றாடத் தேவை. அந்த மூலையில் நாலடி விட்டு வேலியை உள்ளே தள்ளிப் போடுங்கள். நாலைந்து பேரைக் கூப்பிட்டுப் பேசி, வழி எந்த ஓரத்தால் போகும் என்று தீர்மானித்து, அதைப் பிளானிலும் கீறுங்கள். உங்களுக்கும் மறைப்பு இருக்கும், அவர்களுக்கும் வழி இருக்கும். பேச்சு முறிந்தால் நீதிமன்றத்துக்கு முன்னால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

சபைக் கடிதத்துக்குப் பதில் எழுதும் விதம்: தமிழில் எழுதுங்கள். 1988இல் வந்த 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, நீங்கள் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. கடிதத்தின் தமிழ்ப் பிரதியையும் கேளுங்கள். ஆனால் அது வரும்வரை காத்திருந்து கடிதத்தில் உள்ள தவணையைத் தவறவிடாதீர்கள். வேலை நிறுத்தப்பட்டது, மதிலுக்கு விண்ணப்பிக்கப்போகிறேன், முறைப்பாட்டின் பிரதி வேண்டும் என்ற மூன்று செய்தியும் போதும். பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டின் பிரதியையும் கள அறிக்கையையும் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலைநாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும்.

கடிதத்தை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28அ பிரிவில் அறிவித்தல் வரும். அதற்கும் பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடித்தகற்றும் கட்டளைக்கு விண்ணப்பம் போகும். அங்கே அயலவர் பொறாமை, உத்தியோகத்தர் சொன்னது என்று வாதிட இடம் மிகக் குறைவு. நீங்கள் ஒழுங்காக விண்ணப்பித்தும் சபை காரணமில்லாமல் மறுத்தால், அப்போது சபைக்குக் கட்டளையிடும்படி நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். அந்த வழி இருக்கட்டும். இப்போது அது தேவைப்படாது என்பது என் நம்பிக்கை.

இதே போன்ற கேள்வியை, தோட்டத் தொழிலாளருக்கான 7 பேர்ச் வீட்டுத்திட்டங்களில் இருப்பவர்களும் அடிக்கடி எழுதுகிறார்கள். உறுதியே கைக்கு வராதவருக்கு வேலி போட அனுமதி கேட்பது இரட்டைச் சுமை. இத்தனை தலைமுறை உழைத்தும் எல்லைக்கல்லுக்கு உரிமை இல்லாமல் இருப்பது அநியாயம் என்று நான் எங்கேயும் சொல்வேன். 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்டப் பகுதிகளுக்குச் சேவை செய்யச் சபைகளுக்கு வழி திறந்திருக்கிறது. காணிக்கு உறுதி வரும்வரை நிரந்தர மதில் வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, கம்பி வேலியோ உயிர்வேலியோ போடுங்கள்.

சகோதரி, வேலை முடிந்ததும் சபையிடம் இணக்கச் சான்றிதழ் (அனுமதித்தபடியே கட்டியதற்கான அத்தாட்சி) எடுக்க மறக்க வேண்டாம். பின்னால் வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ அதைக் கேட்பார்கள். உறுதியின் அட்டவணைப் பக்கம், பிளான், சபைக் கடிதம் மூன்றின் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள். பாதை எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, லயத்து ஆட்களோடு செய்யும் உடன்பாட்டை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.