லாபம் 6 லட்சம், கையில் 40 ஆயிரம்

கேள்வி: திண்டுக்கல்லில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். போன வருட லாபம் 6 லட்சம் என்கிறார் ஆடிட்டர். மார்ச் 31 அன்று கல்லாவும் பேங்க்கும் சேர்த்து என்னிடம் இருந்தது 40,000. இல்லாத பணத்துக்கு வரியா? 70,000 பாக்கி வைத்த கான்ட்ராக்டர் வேறு ஊரைவிட்டே போய்விட்டார். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் லாபத்தை 3 லட்சமாக்கித் தருகிறேன் என்கிறார். கணக்கை அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆடிட்டர் கணக்கு சரிதான். பில் போட்ட அன்றே அது விற்பனை. பணம் எப்போது வந்தால் என்ன?

நீங்கள் அனுப்பிய தாள்களையே பார்ப்போம். சரக்கு இருப்பு 1,60,000 கூடியிருக்கிறது; வயராகவும் ஃபேனாகவும் கடையில் கிடக்கும் அது, விற்கும்வரை செலவில் வராது. வெளியே நிற்கும் பாக்கி 1,10,000 ஏறியிருக்கிறது. பேங்க் கடனில் அசல் 1,20,000 அடைத்திருக்கிறீர்கள்; தவணையில் வட்டி மட்டுமே செலவு. வீட்டுக்கு மாதம் 15,000 எடுத்தது, ஆக 1,80,000, செலவு அல்ல; நீங்கள் போட்ட மூலதனத்திலிருந்துதான் கழியும். மொத்தம் 5,70,000. மீதி 30,000, பழைய கையிருப்பு 10,000. உங்கள் 40,000 வந்துவிட்டதா?

இதை உட்கார வைத்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் ஆங்கிலத்தில் அச்சடித்த ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்பதோடு நம்மூரில் வேலை முடிந்துவிடுகிறது.

ஏஜென்ட் செய்யப்போவது பெரும்பாலும் ஒன்றுதான்: இறுதிச் சரக்கை, அதாவது மார்ச் 31 அன்று கடையில் இருக்கும் சரக்கின் மதிப்பை, குறைத்து எழுதுவார். இந்த வருட இறுதிச் சரக்குதான் அடுத்த வருட ஆரம்பச் சரக்கு. இன்று ஒளித்த 3 லட்சம் அடுத்த மார்ச்சில் லாபமாக வந்து நிற்கும். மறுபடி குறைப்பார், மறுபடி ஃபீஸ். ஜிஎஸ்டியில் காட்டிய கொள்முதலும் விற்பனையும் இதோடு ஒட்டாது. நோட்டீஸ் வரும்போது அவர் போன் எடுக்க மாட்டார். இதே ஆள் பேங்க் கடனுக்கென்று சரக்கை ஊதிக் காட்டி, சீலோடு இன்னொரு ஐந்தொகையும் அடித்துத் தருவார். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் சான்றளித்த தாளில் 18 இலக்க யூடிஐஎன் (ஆவணத்துக்கான தனி அடையாள எண்) இருக்க வேண்டும்; 2019 முதல் அது கட்டாயம். அவர்களுடைய இன்ஸ்டிட்யூட்டின் யூடிஐஎன் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். எண் இல்லாத சீல் வெறும் ரப்பர்.

லாபத்தை நேர்மையாகக் குறைக்க உங்களுக்கு ஒரு வழி உண்டு: கான்ட்ராக்டர் தராத அந்த 70,000. அதை வாராக்கடனாகத் தள்ளலாம். "இனி எங்கே தரப்போகிறார்" என்று மனசுக்குள் தள்ளினால் போதாது. பேரேட்டில் (லெட்ஜர்) அவர் கணக்கிலிருந்து நீக்கி எழுத வேண்டும். எழுதிய வருடத்தில்தான் கழியும். அது உங்கள் விற்பனையில் ஏற்கெனவே காட்டிய தொகையாக இருக்க வேண்டும். மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்ததை இதில் நுழைக்க முடியாது. கான்ட்ராக்டர் பிறகு மனம் மாறிக் கொடுத்தால், கொடுத்த வருடத்தில் வருமானம். அந்த பில்லுக்குக் கட்டிய ஜிஎஸ்டி மட்டும் திரும்பாது. காசே வராத விற்பனைக்கும் வரியை வைத்துக்கொள்ளும் சட்டம் இது, என்ன செய்ய.

கணக்கில் நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் இந்த வாரமே ஆடிட்டரிடம் இதைக் கேளுங்கள். போட்டாயிற்று என்றால் நடப்பு வருடத்தில் தள்ளச் சொல்லுங்கள்.