கேள்வி-பதில்: கடைசி 60 பக்கம்

கேள்வி: நூலகத்தில் இரவல் வாங்கிய 900 பக்கத் திகில் நாவலை நான்கே இரவில் முடித்தேன். கீழே வைக்க மனமில்லை. ஆனால் கடைசி 60 பக்கத்தில் பேயை முழுசாகக் காட்டி, அதை அழிக்கும் வழியையும் சொல்லி, சண்டைக் காட்சிபோல் முடித்துவிட்டார்கள். பயமே போய்விட்டது. ஆனால் ஒரு வாரமாகியும் இரவில் எங்கள் புளோக் தாழ்வாரத்தில் தனியாக நடக்கக் கால் வரவில்லை. இவ்வளவு எழுதத் தெரிந்தவருக்கு முடிக்கத் தெரியாதா?

வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முடிவில் பயம் போய்விட்டது என்கிறீர்கள். ஒரு வாரமாகத் தாழ்வாரத்தில் நடக்கப் பயம் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் உங்களைப் பிடித்துக்கொண்டது முதல் 840 பக்கம். நாவலுக்கு மதிப்பெண் போடுவதென்றால் அங்கே போடுங்கள்.

கண்ணில் படாதவரை பேய்க்கு அளவு கிடையாது. அவரவர் தமக்கு எது பயமோ அதை வைத்து நிரப்பிக்கொள்கிறோம். கதையில் வருகிறவர்கள் ஜெயிக்க வேண்டுமானால் அதற்கு ஓர் உருவம், ஒரு பலவீனம், ஒழிக்க ஒரு வழி எல்லாம் கொடுத்தாக வேண்டும். கொடுத்த நிமிடமே அது வெறும் எதிரி. 1897இல் 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் இதை நன்றாக அறிந்திருந்தார். முதல் நான்கு அத்தியாயத்தில் கோட்டைக்குள் இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவோடு நம்மை உட்காரவைக்கிறார். கதை இங்கிலாந்துக்கு வந்தபிறகு பெரும்பாலும் ஒரு வௌவால், ஒரு மூடுபனி, தூரத்தில் ஓர் உருவம், அவ்வளவுதான். 27ஆம் அத்தியாயத்தில் நீண்ட துரத்தலுக்குப் பிறகு பிரபு சாவது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. உங்கள் நாவலாசிரியர் அதையே 60 பக்கத்துக்கு இழுத்திருக்கிறார். தவறு அங்கேதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தாழ்வாரம் ஏன்? நீண்ட நாவல் தன் பக்கங்களை ஓர் இடத்தைப் பழக்கப்படுத்தவே செலவழிக்கிறது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரி, கம்பியோடு பூட்டிய சைக்கிள், கோடி வீட்டு வாசலில் சீனர் சாமி மாடத்தின் சிவப்பு விளக்கு. இவற்றை அலுக்க அலுக்கப் பத்துத் தடவை சொல்லிவிட்டு, அடுத்த தடவை, எப்போதும் சுவரைப் பார்த்திருக்கும் ஒரு ஜோடிச் செருப்பு உங்கள் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தால் போதும். ஐந்து பக்கச் சிறுகதையில் இதே செருப்பு ஒன்றும் செய்யாது. முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே மாறியது உறைக்கும்? 'இழுவை' என்று நாம் தாண்டிப்போகும் பக்கங்கள்தாம் இந்த வேலையைச் செய்கின்றன. (எங்களுக்குப் பேய்க்கதை அனுப்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வாழைமரத்தடியில் வெள்ளையாக ஒன்று இரண்டாம் பத்தியிலேயே வந்து நின்றால் யார் பயப்படுவார்கள்?)

படித்த விதத்திலும் கோளாறு இருக்கிறது. நான்கு இரவு என்றால் இரவுக்கு 225 பக்கம். தூக்கக் கண் உரையாடலைப் பிடித்துக்கொண்டு ஓடும், வர்ணனையை விட்டுவிடும். அந்த வேகத்தில் எந்த முடிவும் மெலிந்துதான் தெரியும். நூலகம் 21 நாள் தவணை தருகிறது, ஒரு நாளைக்கு 43 பக்கம் போதும். அத்தியாய முடிவில் மட்டும் நிறுத்தப் பார்க்காதீர்கள், தூண்டில் போட்டிருப்பதே அங்கேதான். நடுவில், யாராவது சாப்பிட்டுக்கொண்டு பேசும் பக்கத்தில் மூடிவையுங்கள்.

தவணை முடிய இன்னும் நாள் இருக்கும். முதல் 200 பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் மறுபடி படியுங்கள். நூலகப் புத்தகம், பென்சில் வேண்டாம், துண்டுச்சீட்டு வையுங்கள். உருவம் தெரியுமுன் அதன் சத்தமோ வாடையோ முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறது, அடுத்தது எத்தனை பக்கம் கழித்து, இடையில் எதிர்பார்க்கவைத்துவிட்டு ஒன்றும் நடக்காமல் விட்ட இடங்கள் எவை என்று பாருங்கள். கடைசி 60 பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.