கேள்வி பதில்: மஞ்சள் சீட்டும் போர்டு ரயிலும்

கேள்வி: எங்கள் மாவட்டக் கவுன்சில் வார்டில் ஆரம்பத்திலிருந்து யார் யார் ஜெயித்தார்கள் என்று பட்டியல் எடுக்கிறேன். பின்னால் போகப் போகக் குழப்பமாக இருக்கிறது. தாத்தா காலத்திலேயே 'போர்டு மெம்பர்' இருந்தாராம். எங்கே தொடங்குவது?
(கல்லூரி மாணவி, குடவாசல்)

பதில்: நல்ல வேலையில் இறங்கியிருக்கிறீர்கள் அம்மா. எம்.எல்.ஏ. தொகுதி என்றால் 1952-லிருந்து ஒப்பிக்க ஊருக்கு நாலு பேர் உண்டு. மாவட்டக் கவுன்சிலர் பெயரைக் கேட்டால் போன தடவை ஜெயித்தவரே பலருக்கு நினைவில் வருவதில்லை. நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1996-லிருந்து 2019 வரை ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தாத்தா சொல்வது ஜில்லா போர்டை, அதாவது ஆங்கிலேயர் காலத்து மாவட்ட உள்ளாட்சி மன்றத்தை. அப்போது உங்கள் ஊர் தஞ்சை ஜில்லா. 1920-களில் ஏ.டி. பன்னீர்செல்வம் அதற்குத் தலைவராக இருந்தார். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு என்றிருந்த காலம் அது. 1958-இல் வந்த பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகள் முடிவுக்கு வந்தன. அப்புறம் இருந்த மாவட்ட வளர்ச்சி மன்றத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். அதற்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடவில்லை. ஆகவே போர்டு மெம்பரையும் இன்றைய கவுன்சிலரையும் ஒரே வரிசையில் எழுதாதீர்கள். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி.

இப்போதைய வார்டு 1994-ஆம் வருஷ ஊராட்சிச் சட்டத்தில் பிறந்தது. உங்கள் பட்டியலில் வரக்கூடிய பொதுத் தேர்தல்கள் ஐந்துதான்: 1996, 2001, 2006, 2011, 2019. 2011-க்கு அடுத்தது 2016 அக்டோபரிலேயே நடந்திருக்க வேண்டும். மனுத்தாக்கல் முடிந்து, பிரசாரமும் ஆரம்பித்த பிறகு உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. மூன்று வருஷம் கவுன்சிலர்களே இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அந்த வெற்றிடத்தையும் பட்டியலில் ஒரு வரியாக எழுதுங்கள். ஜெயித்தவர் யார் என்பதைப் போலவே, யாருமே இல்லாமல் எத்தனை நாள் போனது என்பதும் வரலாறுதான்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் மாவட்டம் மாறியதுதான் என்று நினைக்கிறேன். 1991 வரை குடவாசல் தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகப்பட்டினம். 1996 அக்டோபரில் ஓட்டுப் போட்டபோதும் நாகைதான். அடுத்து வந்த ஜனவரி 1-ஆம் தேதி திருவாரூர் மாவட்டம் பிறந்தது. பக்கத்து வலங்கைமான் மட்டும் தஞ்சாவூரிலிருந்து நேரே திருவாரூருக்கு வந்தது. ஆகவே 1996-இன் தாள்களைத் திருவாரூர் ஆவணக் கட்டுகளில் தேடினால் கிடைக்காது. நாகைக் கட்டுகளில் தேடுங்கள்.

இன்னொன்று. வார்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஊராட்சியின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். எல்லை மாற்றும்போது எண் மாறிவிடும், ஊர் மாறாது. உங்கள் ஊராட்சி எந்த வருஷம் எந்த வார்டில், எந்தெந்த ஊர்களோடு சேர்ந்திருந்தது என்பதை மாவட்ட அரசிதழில் பாருங்கள். பழைய அரசிதழுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் போகலாம். அதற்கு முன்னால் ஊரில் பழைய தேர்தல் ஏஜெண்டுகளிடம் வீட்டுப் பரணில் பார்க்கச் சொல்லுங்கள். நோட்டீஸும் பூத் சிலிப்பும் கட்டிவைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி: திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையை என் பாட்டி 'போர்டு ரயில்' என்பார். ஜில்லா போர்டு ரயில் விட்டது உண்மையா?
(வாசகர், முத்துப்பேட்டை)

பதில்: உண்மை. தஞ்சை ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் என்ற கூடுதல் வரிப் பணத்தில் போட்ட பாதை அது. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக உங்கள் முத்துப்பேட்டை வரை 1894-இல் திறந்தார்கள். பிறகு அறந்தாங்கி வரை நீட்டினார்கள். நெல் விளைவித்தவர்கள் கொடுத்த காசில் வந்த ரயில். இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: ஊராட்சித் தேர்தலில் நான்கு ஓட்டுச் சீட்டு தருகிறார்கள். மஞ்சள் சீட்டுக்கு நிற்பவரை நாங்கள் பார்த்ததே இல்லை. எதற்கு அந்த ஓட்டு?
(விவசாயி, கொரடாச்சேரி ஒன்றியம்)

பதில்: மஞ்சள் சீட்டு மாவட்டக் கவுன்சிலருக்கு. அவர் வார்டுக்குச் சுமார் 50,000 பேர். ஒன்றியக் கவுன்சிலருக்குச் சுமார் 5,000 பேர்தான். பத்து மடங்கு தூரம் இருப்பதால் ஆளைப் பார்க்க முடிவதில்லை. ஆனால் மாவட்ட ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தக் கவுன்சிலர்கள்தான். மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு ஒதுக்கிய பணத்தில் மாவட்ட ஊராட்சிக்கும் பங்கு இருந்தது. உங்கள் ஊர்ச் சாலைக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் மாவட்டக் கவுன்சிலரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

2019 டிசம்பரில் நான் இருந்த சாவடிக்கு ஒரு பாட்டி வந்தார். சம்பா வயலிலிருந்து நேரே வந்திருப்பார் போல, கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. வெள்ளை வார்டு மெம்பருக்கு, ரோஸ் தலைவருக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு என்று சொன்னேன். மூன்றை மடித்துப் பெட்டியில் போட்டார். மஞ்சளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தம்பி எங்க தெருப்பக்கம் வரவே இல்லையேய்யா" என்றார். எந்தத் தம்பியைச் சொன்னார் என்று தெரியாது, கேட்கவும் கூடாது. "உங்க இஷ்டம் பாட்டி" என்றேன். மறைப்புக்குப் பின்னால் திரும்பிப் போய், வெகுநேரம் நின்று, முத்திரை குத்திவிட்டு வந்தார்.

அன்று தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு உங்கள் பக்கம் வருகிறவரிடம், தெருவுக்குள் நடந்து வரச் சொல்லுங்கள்.