அரியர், இன்டர்னல், அட்டவணை: பொறியியல் மாணவர்களின் படிப்புத் திட்டம் பற்றிய கேள்வி பதில்

அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களும் பெற்றோர் ஒருவரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தேர்ச்சி பெறாமல் மறுபடி எழுத வேண்டிய தாளைத்தான் அரியர் என்கிறோம்; கல்லூரியிலேயே போடப்படும் அகமதிப்பீட்டு மதிப்பெண்தான் இன்டர்னல். பொறியியல் கல்லூரியில் நீண்ட காலமாகப் பாடம் நடத்திவருகிறேன். மாணவர் ஆலோசகர் பொறுப்பையும் கவனித்துவருகிறேன். தேர்வு விதிகளைப் பற்றி நான் சொல்பவை 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்கு உரியவை. வேறு ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்கள் தங்களுக்கு உரியதை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மேடம், எனக்கு மூன்று செமஸ்டர் முடிவில் ஐந்து அரியர் இருக்கிறது. அவற்றில் இரண்டு கணிதத் தாள்கள். இப்போதைய பாடங்களைப் படிப்பதா, அரியரை முடிப்பதா என்று தெரியவில்லை. எதைக் கையில் எடுத்தாலும் மற்றது நினைவுக்கு வந்து பயமுறுத்துகிறது. (இயந்திரப் பொறியியல், இரண்டாமாண்டு, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: முதலில் பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள் தம்பி, ஐந்து தாள்களிலும் நீங்கள் வாங்கிய இன்டர்னல் மதிப்பெண்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எழுத்துத்தேர்வுப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60 என்பது கணக்கு. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். அத்துடன் செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 விழுக்காடாவது எடுத்திருக்க வேண்டும். நூற்றுக்கு நடக்கும் அந்தத் தேர்வில் 45 எடுத்தால் அது அறுபதில் 27 ஆகிறது. ஆகவே இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் இருக்கும் தாளில் 45 எடுத்தாலே தேர்ச்சி. இன்டர்னல் 18 மட்டுமே இருந்தால் அதே தாளில் 54 எடுத்தாக வேண்டும். ஐந்து தாளும் ஒரே அளவு பாரம் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கணக்கைப் போட்டதும் இரண்டு மூன்று தாள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரியவரும். இந்தப் பருவத்தில் அவற்றை முன்னால் வையுங்கள்.

அடுத்தது வினாத்தாளின் அமைப்பு. பாடத்தின் ஐந்து யூனிட்டுகள் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு டூ மார்க் கேள்விகளும், 'அல்லது' என்ற தெரிவோடு ஒரு 13 மார்க் கேள்வியும் வருகின்றன; கடைசியில் 15 மார்க் கேள்வி ஒன்று. அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு 17. இதைப் பார்த்துவிட்டு 'மூன்று யூனிட் படித்தால் 51, பாஸ் ஆகிவிடலாம்' என்று விடுதி அறைகளில் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை நம்பித் தேர்வு எழுதிய பலர் மீண்டும் அரியரோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். படித்த யூனிட்டில் முழு மதிப்பெண் விழுவதில்லை. 51க்கு 38 கிடைத்தால் அதுவே நல்ல விடைத்தாள். எனவே மூன்று யூனிட்டை ஆழமாகவும், நான்காவதை 13 மார்க் எழுதும் அளவிலும், ஐந்தாவதில் டூ மார்க் கேள்விகளையாவது படியுங்கள்.

கணிதத் தாள்களில் வரிசை மிக முக்கியம். முதல் செமஸ்டரின் அணிகளும் நுண்கணிதமும், மூன்றாம் செமஸ்டரின் உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் உங்கள் இரண்டு அரியர்கள் என்றால், முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொட வேண்டாம். ஃபூரியர் தொடரில் மாணவர்கள் திணறும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலும் அவர்களைத் தடுப்பது ஃபூரியர் அன்று. குணகம் கண்டுபிடிக்கும்போது பகுதிபகுதியாகத் தொகையிடத் தெரியாததும், எல்லைகளைப் பிரதியிடும்போது குறிகளைத் தவறவிடுவதும்தான். அந்த ஒரு திறமையை ஒரு வாரம் தனியாகப் பழகினால் ஒரு யூனிட் முழுவதும் இலகுவாகிவிடும்.

இப்போதைய செமஸ்டரை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள். இன்று நடக்கும் வகுப்புகளிலிருந்துதான் உங்கள் அடுத்த 40 மதிப்பெண் உருவாகிறது. அதைத் தவறவிட்டால் ஐந்து அரியரை முடிக்கும் நேரத்தில் ஆறாவதும் ஏழாவதும் முளைத்திருக்கும். வார நாட்களின் மாலை இப்போதைய பாடங்களுக்கு, காலையில் ஒரு மணி நேரமும் சனிக்கிழமையும் அரியருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துச் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டும்போது நானும் தலையாட்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகப் படித்தவள் நான். இங்கே எனக்கு ஒன்றும் தெரியாதோ என்று தோன்றுகிறது, அம்மா. (மின்னணுவியல், முதலாமாண்டு, தர்மபுரி மாவட்டம்)

பதில்: உங்களுக்குத் தெரியாதது ஆங்கிலம், இயற்பியல் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல மாணவிகள் முதல் செமஸ்டரிலேயே தங்களை மட்டமாக மதிப்பிட்டுக்கொள்கிறார்கள், மகளே. இதை நான் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மனம் வருந்துகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் படித்த பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், கணிதப் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் ஒரே பாடத்தில் அருகருகே திறந்துவைத்து, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை, உதாரணமாக மின்னோட்டவியலை, ஆங்கிலத்தில் வாசியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் சொற்கள் தாமாகப் படிந்துவிடும். நாளொன்றுக்கு மூன்று பக்கம் போதும். இது மொழிப்பயிற்சி வகுப்பைவிட விரைவாகப் பலன் தருகிறது என்பது என் உறுதியான கருத்து.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியல் பாடநூல்களைத் தமிழிலும் வெளியிட்டு 'இ-கும்ப்' தளத்தில் வைத்திருக்கிறது. புரிந்துகொள்வதற்கு அவற்றைப் படியுங்கள்; தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால், படித்த ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு டூ மார்க் விடையை அன்றே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நீண்ட வாக்கியம் வேண்டாம். படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, சூத்திரத்தை எழுதி, ஒவ்வொரு குறியீடும் எதைச் சுட்டுகிறது என்று சொன்னாலே மதிப்பெண் உண்டு. வகுப்பில் புரியாதபோது தலையாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் அறைக்குச் சென்று தமிழிலேயே கேளுங்கள். தமிழில் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் ஆசிரியர் மிகச் சிலரே.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? ஆறு மணி நேர அட்டவணை போட்டேன். நான்காம் நாளே நின்றுவிட்டது. (கணினி அறிவியல், இரண்டாமாண்டு, கோயம்புத்தூர்)

பதில்: மணி நேரத்தை அளவாக வைத்த அட்டவணைகள் பெரும்பாலும் அந்த நான்காம் நாளில்தான் நிற்கின்றன. வேலையை அளவாக வையுங்கள். 'மாலை 6 முதல் 8 வரை தரவு அமைப்புகள்' என்று எழுதாமல், 'இருமத் தேடல் மரத்திலிருந்து ஒரு கணுவை நீக்கும் மூன்று நிலைகளையும் பார்க்காமல் எழுதிக் காட்டுதல்' என்று எழுதினால், முடிந்ததா இல்லையா என்பதில் ஐயம் இருக்காது. அரை மணியில் முடிந்தால் எழுந்து போகலாம்.

'பார்க்காமல்' என்பதை வேண்டுமென்றே எழுதினேன். 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியை ஒரு குழு இரண்டு முறை வாசித்தது. மற்றொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 56. தேர்வுக்கு முதல் நாள் இரவு மூன்று முறை புரட்டிவிட்டு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதும், அரங்கில் பேனா நின்றுவிடுவதும் இதனால்தான். படிக்கும் நேரத்தில் பாதியைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதுவதற்கு ஒதுக்குங்கள். எழுதியதை இரண்டு நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும் மறுபடி எழுதிப் பாருங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. மகன் இரவு இரண்டு மணிவரை விழித்துப் படிக்கிறான். ஆனாலும் தேர்ச்சி பெறுவதில்லை. நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அவனிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. (ஒரு தந்தை, ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: ஐயா, வணக்கம். நீங்கள் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இரவு உணவின்போது, "இன்றைக்கு என்ன படித்தாய், புத்தகத்தைப் பார்க்காமல் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுப்பா" என்று கேளுங்கள். அவன் தடுமாறும் இடம் எது என்பது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மணிவரை விழிப்பதை ஊக்குவிக்காதீர்கள். உறக்கம் குறைந்தால் படித்தது நிலைக்காது. இன்னொன்று: ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரை ஆலோசகராக நியமிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதியிலேயே இருக்கிறது. உங்கள் மகனுடைய ஆலோசகர் யார் என்று கேட்டு, அவரை ஒருமுறை நேரில் பார்த்து, இன்டர்னல் மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். உறவினர் பிள்ளைகளோடு ஒப்பிட்டு மட்டும் பேசிவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் போய்வர நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் தூக்கம்தான் வருகிறது. (கட்டடப் பொறியியல், மூன்றாமாண்டு, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: திரும்பும் பயணத்தில் தூங்குங்கள், அதில் குற்றவுணர்வு வேண்டாம். காலைப் பயணத்தில் முந்தைய நாள் எழுதிய டூ மார்க் விடைகளை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பேருந்தில் புதிதாக எதையும் படிக்க முயல வேண்டாம். கல்லூரி முடிந்ததும் ஒரு பேருந்தைத் தவறவிட்டு அடுத்ததில் போக முடியுமானால், அந்த இடைவேளையை நூலகத்தில் கழிப்பது வீட்டில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடப் பயன் தரும்.

கேள்வி: என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களை எல்லோரும் எடுக்கிறார்கள். நானும் ஒரே நேரத்தில் மூன்று எடுக்கலாமா? (மின் பொறியியல், மூன்றாமாண்டு, திருநெல்வேலி)

பதில்: ஒன்று எடுங்கள். பாடத்தில் சேர்வது இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பயிற்சிகள் கணக்கில் வரும். ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடம் முடியும் தறுவாயில் உங்கள் கல்லூரியின் மாடல் தேர்வும் வந்துவிடும் என்பதைச் சேரும்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். விருப்பப் பாடம் ஒன்றுக்கு ஈடாக அதை எடுக்க நினைத்தால், சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நின்றால் பலன் இருக்காது.

கேள்வி: தோழிகள் எல்லோரும் எல்லாத் தாளிலும் தேர்ச்சி. எனக்கு மட்டும் நான்கு போய்விட்டது. அறையை விட்டு வெளியே வரவே பிடிக்கவில்லை. படிப்பை விட்டுவிடலாமா? (முதலாமாண்டு, ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: இந்த மனநிலையில் அந்த முடிவை எடுக்காதீர்கள், கண்ணு. நான்கு தாள்களை மறுபடி எழுத வாய்ப்பு இருக்கிறது. பட்டத்தை முடிக்க நான்கு ஆண்டுக்கு மேலும் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் வெளியே வரப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் கவனிக்கிறேன். இன்றே வீட்டில் ஒருவரிடமோ நம்பும் ஆசிரியர் ஒருவரிடமோ இதைச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசகர்களிடம் எந்த நேரத்திலும், தமிழிலேயே, கட்டணம் இல்லாமல் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. படிப்புத் திட்டத்தை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அப்போது மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வை மூன்றாமாண்டிலேயே எழுதலாமா? செமஸ்டர் மதிப்பெண் குறையுமோ என்று பயமாக இருக்கிறது. (இயந்திரப் பொறியியல், மூன்றாமாண்டு, சேலம்)

பதில்: எழுதலாம்; மூன்றாமாண்டு மாணவர்களுக்குத் தகுதி உண்டு, மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 15 மதிப்பெண் பொதுத் திறனறிவுக்கு, ஏறத்தாழ 13 கணிதத்துக்கு. மீதி உங்கள் துறைப் பாடங்கள். அந்தத் துறைப் பாடங்களில் பெரும்பகுதியை நீங்கள் இப்போது செமஸ்டருக்காகவே படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனவே தனியாகப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், வெப்ப இயக்கவியலில் ஒரு யூனிட்டை முடித்த அதே வாரத்தில், பழைய கேட் வினாத்தாள்களிலிருந்து அந்தத் தலைப்பின் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். அரியர் இல்லாதவர்களுக்கு இந்த வழியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அரியர் இருந்தால் இந்த ஆண்டு கேட் வேண்டாம். அதற்குச் செலவிடும் நேரத்தை அரியருக்குக் கொடுத்துவிட்டு, நான்காமாண்டில் எழுதுங்கள். எம்.இ. படிக்க கேட் மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலேயே சேர விரும்பினால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வும் இருக்கிறது.