எல்.கே.ஜி.ன்னா இன்னாங்க?

கேள்வி: பேரனை சத்துவாச்சாரியில எல்.கே.ஜி. சேத்திருக்கோம். அப்டின்னா இன்னாடின்னு மருமகளைக் கேட்டா, "ஒன்னாவதுக்கு முன்னாடி படிக்கிறது அத்தே"ன்றா. வெள்ளக்காரன் வெச்ச பேரா அது?
– ஒரு பாட்டி, குடியாத்தம்

பதில்: வெள்ளக்காரர்தாம்மா, ஆனா இங்கிலீஷ்காரர் இல்ல, ஜெர்மன்காரர். கே.ஜி.ன்னா கிண்டர்கார்ட்டன், கிண்டர்னா ஜெர்மன்ல குழந்தைங்க, கார்ட்டன்னா தோட்டம். ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல்னு ஒருத்தர், சின்ன வயசுல ஃபாரஸ்ட் வேலை கத்துக்கிட்டவரு, 1837ல பாட் பிளாங்கன்பர்க்ங்கற ஊர்ல சின்னப் பசங்களுக்குன்னே ஒரு இடம் ஆரம்பிச்சு 1840ல இந்தப் பேரை வெச்சாரு. பேருக்குத் தோட்டம் இல்ல, நிஜமாவே பசங்க செடி வெக்க பாத்தி இருந்துச்சு, அப்புறம் கம்பளி நூல்ல பின்னுன ஆறு கலர் பந்து, மரத்துல உருண்டை, உருளை, சதுரக்கட்டை, ஒரு கட்டையை எட்டு சின்னக் கட்டையா பிரிச்சு அடுக்குறதுன்னு பூரா விளையாட்டுதான். இப்ப இருக்குற ஸ்கூல்ங்க மூணரை வயசுப் புள்ளைக்கு நாலுகோடு நோட்டு குடுத்து எழுதச் சொல்றதை என்னன்னு சொல்றது!

இதுல கூத்து என்னன்னா, 1851ல பிரஷ்யாங்கற அப்போதைய ஜெர்மன் ராஜ்ஜியத்தோட கவர்மெண்ட் இது நாத்திகம் வளக்குற இடம்னு சந்தேகப்பட்டு தடையே போட்டுச்சு, ஃப்ரோபெல் மறுவருஷமே செத்துப்போயிட்டாரு, தடையை 1860லதான் எடுத்தாங்க.

எல்லுன்னா லோயர், யு.கே.ஜி.ல வர்ற யூன்னா அப்பர், அவ்ளோதான். 2019ல தமிழ்நாடு கவர்மெண்டும் மிடில் ஸ்கூலுங்கள்ல இருக்குற 2,381 அங்கன்வாடியில ஃபீஸ் இல்லாம இந்த ரெண்டு கிளாஸும் தொடங்குச்சு, சின்னப் பேரன் இருந்தா பக்கத்து மிடில் ஸ்கூல்ல விசாரிங்க.