பெரிய குதிரைலாட வௌவால் இருண்ட குகையில் எப்படி வழி அறிகிறது?

தான் எழுப்பும் ஒலி எதன்மீதாவது பட்டுத் திரும்புவதைக் கேட்டு, அது எங்கே, எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அறிவதே எதிரொலி இடமறிதல்; இந்த வௌவால் அப்படித்தான் வழி அறிகிறது.

மேற்கே வேல்ஸ், தென்மேற்கு இங்கிலாந்து தொடங்கி, தெற்கு ஐரோப்பா, இமயமலைப் பகுதி வழியாக ஜப்பான் வரை இந்த வௌவால் பரவியிருக்கிறது. குளிர்காலத்தில் குகைகளிலும் கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் நீண்ட உறக்கம் கொள்கிறது. அங்கே வெப்பநிலை அதிகம் மாறாது, காற்றில் ஈரப்பதமும் இருக்கும். கோடையில் பழைய கட்டடங்களின் கூரையடியிலும் தங்கும்.

பல வௌவால்கள் வாயால் ஒலி எழுப்புகின்றன. இது மூக்கால் எழுப்புகிறது. மூக்கைச் சுற்றிய லாட வடிவ மடிப்பு அந்த ஒலியைக் குவித்து அனுப்புகிறது. அதன் அதிர்வெண் ஐரோப்பாவில் சுமார் 83 கிலோஹெர்ட்ஸ். நம் காதுக்கு எட்டுவதோ 20 வரைதான்.

என்னை வியக்க வைப்பது இதற்கடுத்த நுட்பம். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது அதன் சைரன் சற்றுக் கீச்சென்று கேட்கிறது அல்லவா? அதுபோலவே முன்னோக்கிப் பறக்கும் வௌவாலுக்கு எதிரொலி கூடுதல் அதிர்வெண்ணில் திரும்புகிறது. அதன் காது மிகக் கூர்மையாகக் கேட்பதோ ஒரு குறுகிய எல்லைக்குள் மட்டுமே. ஆகவே பறக்கும் வேகத்துக்கு ஏற்ப ஒலியின் அதிர்வெண்ணைச் சற்றுத் தாழ்த்தி, எதிரொலி சரியாக அந்த எல்லைக்குள் வந்து விழும்படி செய்துகொள்கிறது! 1968இல் ஜெர்மானிய விலங்கியலாளர் ஹான்ஸ்-உல்ரிச் ஷ்னிட்ஸ்லர் இதை விளக்கினார். அந்துப்பூச்சியின் சிறகடிப்பு எதிரொலியில் உண்டாக்கும் சிறு நடுக்கம்கூட வௌவாலின் காதுக்குத் தப்பாது.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள்; இதன் கண்கள் சிறியவையே தவிர, பார்வை உண்டு.