கேளுங்க சொல்றேன்: குஸ்தியும் சீரியலும்

கேள்வி: டபிள்யூடபிள்யூஇங்கிற அமெரிக்க குஸ்தி ஷோ எல்லாம் பேசி வச்ச நாடகம்தானே, அதைப் போய் ஏன் சார் பார்க்குறீங்க? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நாடகம்தாங்க, யாரு இல்லைன்னா? விளையாட்டு கமிஷனோட கட்டுப்பாடு, வரித் தொல்லை வேணாம்னு 1989லயே அந்தக் கம்பெனி நியூஜெர்சி மாநில செனட்ல இது வெறும் பொழுதுபோக்குன்னு ஒத்துக்கிச்சு. ஆனா முடிவுதான் பேசி வச்சது, விழறது நிஜம். 1998ல அண்டர்டேக்கர்ங்கிற வீரர், மேன்கைண்ட்ங்கிற இன்னொரு வீரரை ரிங்கைச் சுத்தியிருந்த கூண்டு உச்சில இருந்து தள்ளி விட்டாரே, கிட்டத்தட்ட 16 அடி, கீழ கமென்ட்ரி டேபிளே நொறுங்கிப்போச்சு, ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போன மனுஷன் பாதி வழில எழுந்து வந்து மறுபடி கூண்டு மேல ஏறுறார், டூப்பெல்லாம் கிடையாது.

கேள்வி: அப்போ சீரியலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டுலயும் வில்லன் திருந்துவான், திரும்ப துரோகம் பண்ணுவான். சீரியல்ல டிஆர்பி பார்த்து கதைய மாத்துவாங்க, இங்க ஜனங்க நேர்லயே கத்தி மாத்திடுவாங்க. 2014ல டேனியல் பிரையன்ங்கிற வீரருக்காக ‘யெஸ் யெஸ்’னு கத்தி கத்தியே அவரை, வருஷத்தோட பெரிய ஷோவான ரெஸில்மேனியா 30 மெயின் ஈவன்ட்ல கொண்டு போய் நிறுத்துனாங்க. அதே ராத்திரி ரெஸில்மேனியால தோக்காம வந்த அண்டர்டேக்கரோட 21 வெற்றி ரெக்கார்டை பிராக் லெஸ்னர்ங்கிற வீரர் கையால முடிச்சு வச்சாங்க பாருங்க, அந்த ரைட்டர் மேல எனக்கு இன்னும் கோவம்தான்.